யானை ஏறாத பஸ்

செவ்வாய், இரவு

தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் எழுபதடி யானை பஸ் ஏறி அரை டிக்கெட் கேட்ட, மூவுலகும் புகழும் என் கதையை இன்று தங்கை மகள் மீனாவிடம் சொன்னேன். ஒரே மூச்சில் சொல்வதுதான் அதன் பெருமை. யானை படியில் கால் வைப்பதற்குள் மூச்சு வாங்கி மூன்று முறை நிறுத்திவிட்டேன்.

"ஏன் மாமா நிறுத்திட்டீங்க?"

"யானைக்கு இளைக்கு மக்களே."

அவள் சிரிக்கவில்லை. "கீமோ மருந்து நுரையீரலைக் கெடுக்கலாம், மூச்சு வாங்கினா உடனே சொல்லணும்னு டாக்டர் சொன்னாருல்லா? எத்தனை நாளாட்டு இருக்கு?"

"இன்னைக்குத்தான்."

பத்து நாளாகிறது. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள். இன்னும் இரண்டு தடவை பாக்கி. நிறுத்தினால் கட்டி சும்மா இருக்குமா?

நாளை அவள் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாள். எதையும் நூறாகப் பெருக்கும் இந்த வாய், டாக்டரிடம் பத்தைப் பத்து என்றே சொல்ல வேண்டும். யானை இன்னும் படியிலேயே நிற்கிறது.