மூக்கைச் சுருக்கிய ஊர்

அக்டோபர் 4

அரசு பதில் சொல்லிவிட்டது. ஊர்த் தலைவன் கௌனாக் வானொலியில் படித்தான். நடுநடுவே தொண்டையைச் செருமினான். அவனுக்கே விழுங்க முடியவில்லை போலிருக்கிறது.

நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. அறிவு தடுமாறிப்போன பெரியவர்களுக்கு இந்த வடதுருவப் பனி ஊரிலேயே ஒரு வீடு. தெற்கே, மரம் முளைக்கிற சீமைக்கு, அவர்களை விமானத்தில் ஏற்றி அனுப்பாதீர்கள். வசந்தத்தில் என் மனைவி உலூரியாக்கை அப்படித்தான் கொண்டுபோனார்கள்.

பதில் என்ன? உங்கள் கவலையை மதிக்கிறோம். நிதி நிலைமை ஆராயப்படுகிறது. மேலும், கோடையில் நடந்த கூட்டத்தில் தெற்கே அனுப்பும் கொள்கைக்கு ஊரில் யாரும் மறுப்புத் தெரிவிக்கவில்லை.

யாரும் மறுக்கவில்லையாம்! தேநீர் கசந்தது. வெளியே பனியில் கொட்டினேன்.

அக்டோபர் 5

அந்தக் கூட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எதுதான் மறந்தது எனக்கு? தலைநகரிலிருந்து வந்த அதிகாரியம்மா கேட்டாள்: "இப்போதைக்குப் பெரியவங்களைத் தெற்கே அனுப்புறது உங்களுக்குச் சம்மதமா?" மண்டபம் முழுக்க மூக்கைச் சுருக்கியது. கைக்குழந்தைக்கும் தெரியும் – புருவம் உயர்ந்தால் ஆமாம், மூக்கு சுருங்கினால் இல்லை. இதற்குமேல் எப்படி மறுப்பது? வந்தவள் முகத்துக்கு நேரே கத்துவதா? அவள் எங்களைச் சற்றுநேரம் பார்த்தாள். பதில் இல்லை என்று எழுதிக்கொண்டாள்.

அவளை விடு, நேற்று வந்தவள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தானே அமைச்சன் கல்லூக், அவன் இந்த ஊரில் பிறந்தவன். அவன் முகத்திலும் மூக்கு என்று ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் பார்த்தான். வாயை மூடிக்கொண்டிருந்தான்.

இப்படி எழுதக் கை கூசுகிறது. கடலோடு போன என் அண்ணனின் பெயரைத்தான் அவனுக்கு வைத்தார்கள். பெயரோடு உறவும் வருவது எங்கள் வழக்கம். தாயின் முதுகுப்பையில் கிடந்த நாளிலிருந்தே அவன் எனக்கு அண்ணன், நான் அவனுக்குத் தம்பி. என் தாடி நரைத்தபோது அவனுக்கு மீசை முளைக்கவில்லை. ஆனாலும் அண்ணன்தான்.

அக்டோபர் 9

தொலைபேசியில் உலூரியாக். யாரோ அதை அவள் காதில் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கப்பல் எப்ப வரும்?" என்றாள்.

தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

"இங்க பச்சைப் பட்டாணி குடுக்குறாங்க. யாரும் நம்ம பேச்சுப் பேசல. கப்பல் வந்தா சொல்லு, ஏறிக்குறேன்."

அவள் சிறுமியாக இருந்தபோது அவள் அம்மாவை இருமல் நோய் என்று கப்பலில் தெற்கே கொண்டுபோனார்கள். எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை எந்த அரசும் சொல்லவில்லை. இவளை அனுப்பும்போது இதைச் சொன்னேன். அது பழைய கதை என்றார்கள். யாருக்குப் பழையது?

அக்டோபர் 21

பனிப்புயல். விமானமும் இல்லை, அரசும் இல்லை. ஊர் விமானத்தைத்தான் தேடியது.

நவம்பர் 2

கௌனாக் வந்தான். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"பெரியப்பா, அமைச்சர் வர்றாரு. மறுபடியும் கூட்டம். நீங்க கொஞ்சம் பதமாப் பேசணும்."

"போன தடவ நான் பேசவே இல்லையேடா."

"அதான் சொல்றேன். அப்படியே இருந்தா நல்லது. விளையாட்டு மண்டபக் கூரைக்குப் பணம் கேட்டிருக்கோம். கோவிச்சுக்கிட்டா அதுவும் போயிடும்."

"கூரைக்குக் கீழ விளையாட இருக்குறது யாரு? கெழடெல்லாம் தெற்கே, இளசெல்லாம் கைப்பேசியில."

சிரித்தான், வெட்கங்கெட்டவன். போகும்போது என் உறைந்த மீனில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு போனான். அரசோடு பழகினால் இந்தப் பழக்கம் வந்துவிடுகிறது.

நவம்பர் 14

கூட்டம் முடிந்து வந்ததும் எழுதுகிறேன்.

தேநீர், சட்டி ரொட்டி, சுவரில் வண்ணப் படம். படத்தில் ஒரு கிழவி சிரித்தாள். எங்கள் ஊர்க் கிழவி இல்லை, எந்த ஊரோ. கல்லூக் எழுந்து, அரசு செவிசாய்க்கிறது, அரசு உங்களோடு நடக்கிறது என்றான். நடக்கிறதாம்! விமான நிலையத்திலிருந்து மண்டபத்துக்கே வண்டியில் வந்தவன்.

நான் எழுந்தேன். வாயில் அண்ணா என்றுதான் வந்தது. அதைக் கடித்து நிறுத்தினேன்.

"மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களே," என்றேன்.

எனக்கு முன்னால் இருந்த கிழவி மியாலி தலையைக் குனிந்துகொண்டாள். உறவை ஊர் நடுவே இப்படி அறுத்தவன் என் நினைவில் ஒருவனும் இல்லை. கல்லூக்கின் முகம் வெளுத்தது.

"தெற்கே இருக்குற அந்த வீட்டுக்கு மாசாமாசம் பணம் கட்டுறீங்க. அதே பணத்தை இங்க நம்ம ஊர் லூட்டிக்குக் குடுங்க. அவ ஆஸ்பத்திரியில வேலை பார்த்தவ. என் வீட்டுல வந்து இருந்து என் பொண்டாட்டியப் பார்த்துக்குவா."

அதிகாரியம்மா ஏதோ சொன்னாள். மொழிபெயர்ப்பவன் சொன்னான்: "கொள்கைப்படி நிறுவனத்துக்குத்தான் பணம் குடுக்க முடியுமாம். வீட்டுக்கு முடியாதாம்."

பின்வரிசையிலிருந்து லூட்டி கத்தினாள்: "அப்போ ஒரு பலகை மாட்டிரலாம் தாத்தா! பனிலூ தாத்தா நிறுவனம்னு! வாசல்ல நாயக் கட்டிப்போட்டா காவலாளும் ஆச்சு!"

சிரிப்பு அடங்கியதும் ஊரைப் பார்த்துத் திரும்பினேன்.

"இந்த அம்மாவுக்கு மூக்கு தெரியாது. தெரிஞ்சவரு சொல்லவும் மாட்டாரு. அதனால இன்னிக்கு வாயத் தொறந்து சொல்லுங்க. நம்ம பெரியவங்க தெற்கே போகட்டுமா?"

மண்டபம் மறுபடியும் மூக்கைத்தான் சுருக்கியது. தோற்றேன் என்றே நினைத்தேன். அப்போது மியாலி எழுந்தாள். கடைக்காரனிடம்கூட மூக்கால் பேசுகிறவள். "வேணாம்," என்றாள். பிறகு அவள் மகன். பிறகு லூட்டி. பிறகு வரிசை வரிசையாக, ஒவ்வொருவராக எழுந்து, வெட்கத்தோடு, ஏதோ கெட்ட வார்த்தை சொல்வதுபோல – வேணாம். கடைசியில் கௌனாக்கும் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எழுதிக்கோம்மா," என்றேன். எழுதினாள்.

நவம்பர் 15

விமானத்துக்கு முன்னால் கல்லூக் என் வீட்டுக்கு வந்தான். கதவைத் தட்டினான். எங்கள் ஊரில் கதவைத் தட்டுவது போலீஸ்காரன் மட்டும்தான்.

அட்டையை விரித்து உறைந்த கரிபூ மான் இறைச்சியை வைத்தேன். தரையில் உட்கார்ந்து வெட்டித் தின்றான். நல்ல சட்டையில் ரத்தம் பட்டது, துடைக்கவில்லை.

"தம்பி, நேத்து ஏன் அப்படிக் கூப்பிட்ட?"

"அமைச்சர்ங்கிற அந்தப் பேரைத்தானே ஊர் முழுக்க ஓட்டு வாங்கி எடுத்துக்கிட்டீங்க."

மெல்வதை நிறுத்தினான். "மூக்கைப் பார்த்தேன்பா. கோடையிலயே பார்த்தேன். சொல்லியிருந்தா மந்திரிசபையில நான் ஒருத்தன் மட்டும் எதிர்ல நிக்கணும்."

"என் அண்ணன் ஒத்த ஆளாத்தான் கடலுக்குப் போனான்."

கத்தியை அட்டையில் வைத்துவிட்டு எழுந்தான். போய்விட்டான். அழுதானா? பார்க்கவில்லை. பார்க்க எனக்கு இஷ்டமும் இல்லை.

ஜனவரி 17

கொள்கை மாறிவிட்டது. வீடு கட்ட மாட்டார்கள். ஆனால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ள லூட்டிக்குச் சம்பளம் தருவார்கள். இதற்குப் பெயர் சோதனைத் திட்டமாம். கட்டிய மனைவி வீட்டுக்கு வருவது இவர்களுக்குச் சோதனை.

தாளில் எனக்கு எழுத்தறிவு இல்லை என்று குறித்துவிட்டு, கட்டைவிரலை மையில் அழுத்தச் சொன்னார்கள். கூடாரத்தில் அம்மா சொல்லித்தந்த எங்கள் எழுத்து அவர்கள் கணக்கில் எழுத்தே இல்லை. அழுத்தினேன். அவள் வரட்டும் என்று கால் கட்டைவிரலையும் சேர்த்து அழுத்தியிருப்பேன்.

மார்ச் 6

அவள் வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். விமானப் படியில் நின்று காற்றை வாய் திறந்து உள்ளே இழுத்தாள்.

வானொலியில் கல்லூக்: ஊர் பேசியது, அரசு கேட்டது. அண்ணனுக்குக் குரல் மட்டும் எப்போதுமே நல்ல குரல்.

மே 19

உலூரியாக்குக்கு என்னைத் தெரியவில்லை. காலையில் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருய்யா நீ? எந்திரிச்சுப் போ. என் புருஷன் வேட்டைக்குப் போயிருக்கான், வர்ற நேரம். பார்த்தா வெட்டிப்போடுவான்."

லூட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் மரியாதையாக எழுந்து, தோல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். ஏரிப் பனியில் துளை போட்டு உட்கார்ந்தேன். மீன் சிக்கியதும் திரும்பினேன்.

கதவைத் திறந்தவுடன், "இவ்வளவு நேரமா?" என்று திட்டினாள். "எவனோ ஒரு கெழவன் வந்து உக்காந்திருந்தான். தொரத்திட்டேன்."

"நல்ல வேலை செஞ்ச," என்று சொல்லி மீனை அவள் மடியில் வைத்தேன்.