பதினான்காம் கேள்விக்குப் பத்து மதிப்பெண்

மார்ச் 3, திங்கள்

இன்று முதல் நான் நவீன அடிமைமுறைத் தடுப்பு அலுவலர். போன வாரம்வரை இந்தக் குப்பை நிறுவனத்துக்குக் கையுறையும் துடைப்பமும் வாங்கிக்கொண்டிருந்தவள். இனிமேலும் வாங்க வேண்டும், அடிமைமுறையையும் ஒழிக்க வேண்டும். டெண்டரில் புது நிபந்தனையாம்: எங்களுக்கு ஆள் அனுப்புகிற ஒப்பந்தக்காரரிடம் அடிமைகள் இல்லை என்று நாங்கள் நிரூபிக்க வேண்டும். மேனேஜர் சொன்னார்: "ஒரு மாசம் டைம் இருக்கு மேடம். அதுக்குள்ள ஒழிச்சிடுங்க." கரப்பான்பூச்சிக்கு மருந்தடிக்கச் சொல்கிற மாதிரி.

மேசையில் ஒரு சிவப்பு போன் வைத்திருக்கிறார்கள். அடிமையாக இருப்பவர்கள் அதில் கூப்பிட்டு உதவி கேட்கலாம். ஒன்பதிலிருந்து ஐந்து மணி வரை, சாப்பாட்டு நேரம் தவிர.

மார்ச் 6

போன் அடிக்கவில்லை. அடிமைகள் இல்லை போலிருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

கேள்வித்தாள் தயார். மொத்தம் முப்பது கேள்வி, நூறு மதிப்பெண், தொண்ணூறு எடுத்தால் பாஸ். வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். "'நீங்கள் அடிமையா?'ன்னு கேட்டா எவன் ஆமான்னு எழுதுவான்? என்கிட்ட குடு, இருபத்திரண்டு வருஷமா நான் எழுதலாம்னு இருக்கேன்" என்றார். பேச்சைப் பார்! அதைச் சொல்லும்போது அவருடைய தட்டை நான் கழுவிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பெருமையாக இருப்பது பதினான்காம் கேள்விதான். 'தொழிலாளர்களின் பாஸ்போர்ட்டுகள் பாதுகாப்பாக வைக்கப்பட்டுள்ளனவா?' அதற்கு மட்டும் பத்து மதிப்பெண்.

மார்ச் 14, வெள்ளி

அறுபத்து நான்கு பேரின் தாள்களும் வந்துவிட்டன. ஒப்பந்தக்காரரே கையில் கொண்டுவந்தார். அவரை எல்லோரும் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். குப்பை பிரிக்கும் கூடத்தில் நிற்கும் அத்தனை பேரும் வெளிநாட்டிலிருந்து அவர் கூட்டிவந்த தமிழர்கள், "என் புள்ளைங்க மாதிரி" என்பார்.

அறுபத்து நான்கும் ஒரே நீல மை, ஒரே சாய்ந்த கையெழுத்து.

"எல்லாரும் ஒரே ஸ்கூலா சித்தப்பா?"

"நான்தான் மேடம் எழுத்து சொல்லிக்குடுத்தேன்."

பதினான்காம் கேள்விக்கு ஆதாரமாகப் படம் காட்டினார். இரும்பு பீரோ, இரண்டு பூட்டு. "தீப்பிடிச்சாலும் ஒண்ணும் ஆகாது." பத்துக்குப் பத்து. கவனம் சிதறாமல் இருக்க அவர்களுடைய போன்களையும் வாங்கி வைத்திருக்கிறாராம். பணியிடப் பாதுகாப்பில் அதற்கு ஐந்து. சோப்பு இல்லை என்பதற்காக இரண்டைக் குறைத்தேன். விட்டுக்கொடுக்க முடியுமா? மொத்தம் தொண்ணூற்றெட்டு.

மாலையில் சந்தேகப் பெட்டி. பெல்ட்டில் வரும் குப்பையில் எந்த வகை என்று தெரியாததை அதில் போடுவார்கள். வெள்ளிக்கிழமை நான் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. ஒரு பேட்டரி வெடித்த பிறகு வந்த விதி. இன்று ஒரு செயற்கைப் பல்செட்டும் தலையில்லாத பொம்மையும்.

மார்ச் 21, வெள்ளி

சந்தேகப் பெட்டியில் என் கேள்வித்தாள்.

நான்காக மடித்து, டீக்கறையோடு. நான் அச்சடித்துக் கொடுத்த தாள்களைச் சித்தப்பா யாருக்கும் கொடுக்கவே இல்லை. அறுபத்து நான்கையும் அவரே எழுதிவிட்டு, கூடுதலாக இருந்ததைக் குப்பையில் போட்டிருக்கிறார். அது எங்கே வரும்? பெல்ட்டுக்குத்தான் வரும். இருபத்தொன்பது கேள்வி காலி. பதினான்குக்கு நேராகப் பென்சிலில்:

'பத்திரமாதான் இருக்கு. சித்தப்பா பீரோல. ஆறு மாசமா கேக்கறேன், தரமாட்டேங்கறாரு. ஏப்ரல் மொத வாரம் என் மகளுக்குப் பிரசவம். என்னை விட்டா அவளுக்கு ஆள் இல்ல. இப்படிக்கு, கண்ணாடி பிரிக்கிறவ.'

அய்யோ, என்னத்த கேட்டு வச்சிருக்கேன் நான்? பூட்டி வச்சவனுக்குப் பத்து மார்க்கு! போனைப் புடுங்கினவனுக்கு அஞ்சு! அப்புறம் சிவப்பு போன் அடிக்கலைன்னு நிம்மதி வேற! புத்தி எங்க போச்சு எனக்கு?

மார்ச் 24, திங்கள்

பெல்ட்டுக்குப் போனேன். பதினோரு வருஷ வேலையில் கூடத்துக்குள் கடைசிவரை நடந்தது இதுதான் முதல் தடவை. கண்ணாடி பிரிக்கிறவளுக்கு என் வயதுதான் இருக்கும். நான் வாங்கிய கையுறையின் விரல் கிழிந்து, டேப் சுற்றியிருந்தாள். கை நிற்கவில்லை.

"படிச்சீங்களாக்கா?"

"படிச்சேன்."

"பதினாலுக்கு எத்தனை மார்க்கு?"

"பத்து."

"எனக்கா, பீரோவுக்கா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மேனேஜரிடம் சொன்னேன். "சித்தப்பாகிட்டதானே இருக்கு, திருடன்கிட்டயா இருக்கு? வெள்ளிக்கிழமை ஆடிட் மேடம். தொண்ணூத்தெட்டு வாங்கின மனுஷன். கிளறாதீங்க."

மார்ச் 26

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஏப்ரலில் பதவி உயர்வு நிச்சயம். மூடிக்கொள்ளலாமா? வீட்டுக்காரரைக் கேட்டேன். "நீ வாயை மூடி நான் பார்த்ததே இல்லையே" என்றார்.

மார்ச் 28, வெள்ளி

ஆடிட்டர்கள் இரண்டு பேர். நான் எழுந்து சொன்னேன்: "பதினான்காம் கேள்விக்கு நேரில் பார்க்காமலே முழு மதிப்பெண் போட்டுவிட்டேன். தவறு என்னுடையது. பீரோவை இப்போது பார்த்துவிடலாமே?"

சித்தப்பாவுக்கு ஏக சந்தோஷம். இரண்டு பூட்டையும் திறந்தார். அறுபத்து நான்கு பாஸ்போர்ட், ரப்பர் பேண்ட் போட்டு. "உரியவருடையதுதானா என்று முகத்தைப் பார்த்துச் சரிபார்க்கணும் இல்லையா?" என்றேன். ஆடிட்டர்கள் தலையாட்டினார்கள். பெல்ட்டை நிறுத்தி எல்லோரையும் வரிசையாக வரச் சொன்னோம். முகத்தைப் பார்ப்பேன், கையில் கொடுப்பேன், கையெழுத்து வாங்குவேன். இருபதாவது ஆள் வரும்போதுதான் சித்தப்பாவுக்கு உறைத்தது.

"மேடம், பாத்தாச்சுன்னா திருப்பி உள்ள வச்சிடலாம்..."

"எங்க வைக்கணும்னு அவங்களுக்குத் தெரியும் சித்தப்பா."

கண்ணாடி பிரிக்கிறவள் வாங்கினாள், தன் படத்தையே ஒரு நிமிஷம் பார்த்தாள், சட்டைக்குள் செருகிக்கொண்டு போய்விட்டாள். எனக்குத்தான் கண் கலங்கியது. ஆடிட்டர் 'சிறந்த நடைமுறை' என்று எழுதினார்.

மார்ச் 31, திங்கள்

வேலைக்கு வந்தது இருபத்தேழு பேர். கண்ணாடிப் பக்கத்தில் ஆளில்லை. குப்பை வாசல்வரை குவிந்துவிட்டது. "என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்று மேனேஜர் கத்தினார்.

"ஒழிக்கச் சொன்னீங்களே சார்."

ஏப்ரல் 4, வெள்ளி

சித்தப்பாவின் ஒப்பந்தம் ரத்து. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்ததற்காக இல்லை. பீரோ இப்போது காலி, எனவே பதினான்காம் கேள்விக்குப் பூஜ்யம், எண்பத்தெட்டில் ஃபெயில். புது ஒப்பந்தக்காரர் அவருடைய மச்சினர். இவரை எல்லோரும் மாமா என்று கூப்பிட வேண்டுமாம். புது ஆட்களோடு ஒரு புதுப் பீரோவும் வந்திருக்கிறது.

ஆண்டறிக்கை அச்சாகி வந்தது. 'எங்கள் குடும்பம்' என்று அட்டையில் சிரிப்பவள் கண்ணாடி பிரிக்கிறவள். பதவி உயர்வு எனக்கு இல்லை. அடிமைமுறை மட்டும் என்னிடமே இருக்கிறது. அந்தப் பொறுப்பை வாங்கிக்கொள்ள யாரும் தயாராக இல்லை.

ஏப்ரல் 9, புதன்

சிவப்பு போன் அடித்தது! பாய்ந்து எடுத்தேன்.

"அக்கா, கண்ணாடிப் பக்கம் நின்னவ பேசறேன். நம்பர் அந்தக் கேள்வித்தாள் அடியில இருந்துச்சு. நேத்துதான்க்கா. நான்தான் மொதல்ல கையில வாங்கினேன். இருங்க, கேளுங்க..."

உடனே ஒரு குழந்தையின் அழுகை. அப்பா, என்ன தொண்டை! மேனேஜர் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப்பார்த்தார். நான் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

வந்த அழைப்பைப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். எழுதினேன்:

புகாரின் தன்மை: அழுகை.
எடுத்த நடவடிக்கை: முழுவதும் கேட்டேன்.
அடுத்த நடவடிக்கை: மாமாவின் பீரோ. வெள்ளிக்கிழமை.