ஆறிய எஞ்சினைத் தொடாதீர்கள்

ஏங்க, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்தச் சீட்டுக்குக் கிட்ட வாங்க, நம்ம கார் கதையைச் சொல்கிறேன்.

புகையைச் சுத்தம் செய்யும் காற்றுப் பம்பு, எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால்தான் கொஞ்ச நேரம் ஓடுமாம். "தொட்டா சில்லுனு இருக்கணும் பெரிம்மா, அப்பத்தான் கோளாறு பம்புலயா ட்யூப்லயான்னு தெரியும்" என்கிறார் மெக்கானிக் எத்திராஜ். நீங்களோ விடிந்ததும் ஸ்டார்ட் செய்து, காருக்குக் கற்பூரம் காட்டி, அவர் வருவதற்குள் சூடாக்கிவிடுகிறீர்கள். அப்புறம், "எஞ்சின் கோளாறுன்னு காட்டுற மஞ்ச வெளக்கு எரிஞ்சிக்கினே கீது, வித்துட்லாம்" என்கிறீர்கள். விற்க விடமாட்டேன். கார் இல்லாமல் இந்த முட்டிவலியோடு எந்த ஊர்க் கோயிலுக்குக் கதை சொல்லப் போவேன்?

சாவி பக்கத்து வீட்டுப் பிரேமலதாவிடம். எத்திராஜுக்கு மட்டும்தான் தருவாள். இன்றைக்கு மலையடிவாரத்து அலிபிரிக்குக் கதை சொல்ல பஸ்ஸில் போகிறேன்.

கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதீர்கள், புளிக்குழம்பு இருக்கிறது.

பி.கு.: கற்பூரத்தை இன்றைக்குச் சாமிக்கு மட்டும் காட்டுங்கள். சண்டை போடவாவது நாம் இரண்டு பேரும் இந்த வீட்டில் நெடுநாள் நல்லா இருக்கணும்.