ஒரு தோளுக்கு மட்டும் குளிர்ந்த மாமாவுக்கு

என் அன்பு மாமா,

உங்கள் வேட்டை மேலங்கியின் வலத் தோளுக்குள் என்ன இருந்தது என்பது எங்களுக்குத் தெரிந்துவிட்டது. மாமியின் சம்மதத்தோடுதான் இதை உங்கள் ஆண்டு நினைவுமலரில் எழுதுகிறேன். கோபப்படாதீர்கள்.

நீங்களும் அப்பாவும் மரைமான் வேட்டைக்குப் போய்வந்தால், எங்கள் கிளென் வேவர்லி வீட்டுக்கு இறைச்சியைவிட வாக்குவாதம்தான் அதிகம் வந்துசேரும். முந்நூறு மேக்னம் தோட்டா அதிகம் உதைக்குமா, முந்நூற்று முப்பத்தெட்டு மேக்னம் அதிகம் உதைக்குமா? அப்பா உங்கள் பெரிய துவக்கால் ஒரேயொரு முறை சுட்டுவிட்டு, அன்று இடக்கையால் இடியப்பம் சாப்பிட்டார். நீங்களோ அதே துவக்கால் சுட்டுவிட்டுச் சிரித்தீர்களாம். "இது பூனைக்குட்டி தட்டுற மாதிரி, அத்தான். பிழை தோட்டாவில இல்லை, உங்கட தோளில."

அப்பா அதை நம்பிவிட்டார், மாமா. அது உங்களுக்குத் தெரியுமா? அதற்குப் பிறகு அவர் உங்களோடு மலைக்கு வந்ததெல்லாம் கூடாரத்தில் சோறு காய்ச்சத்தான்.

நீங்கள் போன பிறகு உங்கள் இரண்டு துவக்குகளும், அவற்றை விற்ற கடைக்காரரின் பாதுகாப்பில் இருந்தன. ஒன்றையாவது அப்பா தன் பெயருக்கு மாற்றவேண்டும் என்பது மாமியின் ஆசை. அப்பாவோ தன் லைசென்ஸையே திருப்பிக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். "எனக்கு அதுக்குரிய தோள் இல்லை, தங்கச்சி." அப்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஆகவே, பிழை உண்மையிலேயே அப்பாவின் தோளில்தானா என்று பார்க்கப் பௌதிகவியல் புத்தகத்தை எடுத்தேன். குண்டு முன்னே பாயும்போது துவக்கு பின்னே வரும். குண்டின் எடையும் வேகமும் வெடிமருந்தும் சேர்ந்து உதைக்கும். துவக்கின் எடை அந்த உதையைத் தணிக்கும். உங்கள் முந்நூறு மேக்னம் துவக்கு, மலையேறத் தோதாக இலேசானது. மற்றது அம்மிக்கல். கணக்கின்படி சிறிய தோட்டாதான் தோளில் அதிகம் இடிக்கிறது! ஆனால் பெரியதும் பூனைக்குட்டி இல்லை. மனிதராகப் பிறந்த யாருக்கும் நோகவேண்டும்.

"கணக்கு பிழை, பிள்ளை," என்றார் அப்பா. "மாமாவுக்கு நோகேல்லை. நான் கண்ணால பாத்தனான்."

திரும்பவும் செய்தேன். அதே விடை. உங்கள் உடம்பு மட்டும் பௌதிகவியலுக்குக் கட்டுப்படாதா என்ற சந்தேகம்கூட வந்தது.

பிறகுதான் மாமி உங்கள் உடுப்புகளைத் தருமத்துக்குக் கொடுப்பதற்காக எடுத்தார். கொழுவியில் மாட்டினால் மேலங்கி ஒரு பக்கமாகவே சரிந்தது. அப்பா வலத் தோளை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோல் கேட்டார். உள்ளே, வெட்டி அடுக்கித் தைத்த ரப்பர் செருப்பு.

"நான்தான் தைச்சனான்," என்றார் மாமி. "மலையில குளிருதெண்டவர்."

"குளிரெண்டா இடத் தோளுக்குக் குளிராதோ, தங்கச்சி?"

"நானும் கேட்டனான், அண்ணை. காத்து அந்தப் பக்கத்தாலதான் அடிக்குதாம்."

அப்பா உங்கள் படத்தின் முன்னால் போய் நின்று, "கள்ளா!" என்று கத்தினார். சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

லைசென்ஸ் திரும்பிப் போகவில்லை. பெரிய துவக்கு இப்போது அப்பாவின் பெயரில். போன சனிக்கிழமை சுடுபயிற்சித் திடலில், செருப்பு எதுவும் இல்லாமல் சுட்டார். காதடைப்பைக் கழற்றிவிட்டு, தோளைப் பிடித்தபடி, பரீட்சையில் பாஸான பிள்ளைபோல என்னிடம் வந்தார். "நோகுது, பிள்ளை! நல்லா நோகுது!"

வரும் வழியில் மாமியிடம் போனோம். அப்பா தன் தோளைக் காட்டி, எங்கே நோகிறது என்று பெருமையாக விளக்கினார். "உங்களுக்கும் நோகுதோ, மாமி?" என்று கேட்டேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு, "பின்னேரத்திலதான், பிள்ளை. அவர் வேலை முடிஞ்சு வாற நேரம்," என்றார்.

இனிப் பள்ளிக்கூடம் விட்டதும் நான் மாமியிடம் போவேன், மாமா. வீட்டுப்பாடத்தை அங்கேயே செய்வேன். இது வாக்கு.

உங்கள் கணக்கைப் பிழையில்லாமல் செய்த மருமகள்,
யாழினி