என் பெயரை மாற்றாதே

உத்தனப்பள்ளி,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள ஜெபசீலிக்கு,

முனிரத்னா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். நீ ஹைதராபாத் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாயாம். அப்போது நான் ரோஜாப் பண்ணையில் வேலையில் இருந்தேன். அங்கே ஊரே தெலுங்கு பேசுமே, நான் சொல்லிக்கொடுத்தது கொஞ்சமாவது உதவுகிறதா?

போன மாதம் உன் டாக்டர் பட்ட ஆய்வுக்காக வந்து, "எட்டாவதோட ஏன்டி நின்னுட்ட?" என்று கேட்டாய். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். மாமியார் பக்கத்தில் இருந்தார். உன் ரெக்கார்டரும் ஓடிக்கொண்டிருந்தது. நீ போனதிலிருந்து ரோஜாக்களைக் கட்டுக் கட்டும்போதெல்லாம் நம் பெஞ்சு ஞாபகம்தான்.

வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் மட்டும் தமிழ் என்று வளர்ந்தவள் நான். பாடம் நடக்கும்போது உன் அரைகுறைத் தெலுங்கில் காதோரம் அர்த்தம் சொல்வாய். மழைக்குத் தெலுங்கில் என்ன என்று தெரியாமல், விரல்களை மேலிருந்து கீழே ஆட்டிக் காட்டினாயே! நான் சிரித்துவிட, இரண்டு பேரும் மாட்டிக்கொண்டோம். மதியம் உன் அம்மா கட்டிக்கொடுத்த பூரி எனக்கு, என் ராகிக் களி உனக்கு. அதை நினைத்தால் இப்போதும் வயிறு நிறைகிறது.

முழுப் பரீட்சைக்கு முன்னால் ஒருநாள் சார் என்னைப் படிக்கச் சொன்னார். எனக்கு 'ழ' வரவில்லை. "உன் தெலுங்கு மாட்டுக்குத்தான் புரியும், போயி மாடு மேய்" என்றார். வகுப்பே சிரித்தது. நீ எழுந்து, "அவளுக்கு அர்த்தம் தெரியும் சார், தெலுங்குல கேட்டுப் பாருங்க" என்றாய். இருவரையும் வெளியே நிறுத்தினார். பூவரச மரத்தடியில் நீ அழுதாய். நான் அழவில்லை. லீவு முடிந்ததும் திரும்ப வரக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அம்மா அந்த வருஷம் நன்றாகத்தான் இருந்தார்.

இப்போது என் மகள் பக்கத்தில், எங்கள் பண்ணைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண்குழந்தை உட்காருகிறது. வாயே திறக்காது. போன வாரம் பள்ளிக் கூட்டத்தில் எழுந்து, அந்தப் பிள்ளையிடம் யாராவது அதன் பாஷையில் பேசணும் என்று சொன்னேன். டீச்சர் சின்ன வயசு. "அவங்க அம்மாவையே வரச் சொல்லலாமா அக்கா?" என்றார். பண்ணை மேஸ்திரியிடம் கெஞ்சி அந்த அம்மாவை அனுப்பி வைத்தேன். அவர் தங்கள் பாஷையில் கதை சொல்லச் சொல்ல, அதில் வந்த பாட்டைப் பிள்ளை எழுந்து நின்று பாடியதாம். என் மகள் வந்து சொன்னாள். கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் நன்றாக அழுதேன். அன்று மரத்தடியில் வராத அழுகை.

இதையெல்லாம் நீ எழுதிக்கொள். ஆய்வில் எல்லோருக்கும் பெயரை மாற்றுவோம், உனக்கு மலர் என்று வைக்கிறேன் என்றாய். என் வீட்டுக்காரரும் அதுவே நல்லது என்கிறார். சாரின் சொந்தக்காரர்கள் இந்தப் பக்கம் இருக்கிறார்களே என்ற பயம். சாரின் பெயர் வேண்டாம், அவருக்கும் வயதாகிவிட்டது. என் பெயரை மட்டும் மாற்றாதே. அந்த வகுப்பில் எல்லோருக்கும் நான் தெலுங்குக்காரி. முனிரத்னா என்று கூப்பிட்டது நீ ஒருத்திதான்.

வேளைக்குச் சாப்பிடு. நல்லபடியாக முடித்துப் பட்டம் வாங்கு. அச்சானதும் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பு. நீ இங்கிலீஷில்தான் எழுதுவாய். அதில் எனக்குத் தடங்கலில்லாமல் வாசிக்க வருவது என் பெயர் ஒன்றுதான்.

உன் பெஞ்சுக்காரி,
முனிரத்னா