நானே முடித்த வாக்கியம்

அன்புள்ள அண்ணா,

வேலை கிடைத்துவிட்டது! மாதிரி வகுப்புக்கு அவர்கள் கொடுத்த பாடம், 'ஹியர்', 'லிசன்' இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

சாக்பீஸைக் கீழே போட்டேன். "சத்தம் தானா காதுல விழுந்துச்சில்ல? அது ஹியர். இப்ப ஃபேன் சத்தத்தைக் கவனிங்க. இது லிசன். இதுக்குப் பின்னால..." 'டு' வரும் என்று சொல்வதற்குள் வழக்கம்போல் திக்கிவிட்டது. நீ இருந்திருந்தால் முடித்து வைத்திருப்பாய்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "மெதுவா சொல்லுங்க மிஸ், ஃபேனைத்தான் கவனிச்சிட்டிருக்கோம்" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு நானே சொல்லி முடித்தேன்.

"திங்கட்கிழமை வந்து சேந்துடுங்கம்மா" என்றார் தலைமையாசிரியை.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. இதையெல்லாம் என் வாயாலேயே சொல்கிறேன். எவ்வளவு நேரமானாலும் நடுவில் எடுத்துக் கொடுக்காதே.

உன் தங்கை