ஷோகேஸுக்குப் பின்னால இருந்த ஜன்னல்

இல்லம்மா, நீங்க பயந்த மாதிரி நான் ஷோகேஸ்ல இருந்த ஒண்ணையும் வீசல்ல. தம்பியும் நானும் ஷோகேஸ உங்க ரூமுக்குத் தள்ளினோம், அவ்வளவுதான். தள்ளினா பின்னால ஜன்னல். வெளியில நின்னு தெனமும் பாக்குற ஜன்னல்தான், உள்ள எங்க போச்சுன்னு யோசிச்சதே இல்ல. தொறந்தேன். ஹந்தானை மலை முழுசா ஹோலுக்குள்ள வந்துருச்சும்மா. அப்புடியே தரையில உக்காந்துட்டேன், வேலைக்குப் போற எட்டு மணி பஸ்ஸும் போயிருச்சு.

கேக்காம தொட்டது பிழைதான். அதுக்காக நாங்க தள்ளி முடிக்க முன்னமே கலஹாவுக்கு, சின்னம்மா வீட்டுக்குக் கோவிச்சுட்டுப் போகணுமா?

நீங்க திரும்பி வந்து சாப்பிட சோறும் பருப்பும் மூடி வச்சிருக்கேன்.

விருந்தாளிக்குன்னு நீங்க பூட்டி வச்ச பூக் கப்புல ஒண்ணு, கழுவி ஜன்னல்ல இருக்கு. கதிரையும் போட்டிருக்கேன். டீ ஊத்திக்கிட்டு உக்காந்து பாருங்க.

பி.கு. புடிக்கலன்னா பின்னேரம் வந்து திரும்பத் தள்ளிடுறேன். பாத்துட்டு சொல்லுங்கம்மா, ஜன்னலா, ஷோகேஸா?